பின்னால் வருபவருக்கு அவசரம்





சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று மாவனல்லைப் பக்கமிருந்து வந்திருந்தது. எழுதியவர் மூன்று பிள்ளைகளின் தாய். கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். வாப்பா விட்டுப்போன மொரிஸ் மைனர் கார் வீட்டில் இருக்கிறது. பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவதும், மாதம் ஒருமுறை உம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் அந்தக் காரில்தான். கார் ஓடுவதற்கு அவருக்குப் பயமில்லை. பயமெல்லாம் பின்னால் வருபவர்களை நினைத்துத்தான்.

"கடுகண்ணாவ ஏற்றத்தில் பஸ்காரர் முட்டுவதுபோல் பின்னால் வந்து நின்று ஹோன் அடிக்கிறார். முந்திப் போகிறவர்கள் கையை நீட்டி ஏசிவிட்டுப் போகிறார்கள். என்னுடைய நானா, 'பொம்புளைக்கு எதுக்கு இந்தப் பழைய கார்? வித்துப்போட்டு ஓட்டோ பிடிச்சிப் போ' என்கிறார். எனக்கும் வெறுத்துவிட்டது. விற்றுவிடவா?" என்று கேட்டிருக்கிறார்.

இது அவருடைய பிரச்சினை மட்டுமல்ல. மைனர், ஒஸ்டின், மினி, பழைய வொக்ஸ்வேகன் என்று எத்தனையோ சின்னக் கார்கள் நம் வீடுகளில் இன்றும் ஓடுகின்றன. அவற்றை ஓடும் பெண்களும் இருக்கிறார்கள். வாகனத்தை வைத்திருப்பதும் விற்பதும் அவரவர் குடும்ப வசதியைப் பொறுத்தது. ஆனால் பின்னால் ஹோன் அடிக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக விற்கத்தான் வேண்டுமா என்பதை இம்மாதம் சற்று ஆறுதலாகப் பார்ப்போம்.

உங்கள் காரைத் தெரிந்துகொள்ளுங்கள்

மொரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். துருக்கியின் இஸ்மிர் நகரில் பிறந்தவர். பின்னர் மினி காரை வடிவமைத்தவரும் இவரே. முதலில் செய்த மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிந்ததால் அதை நெடுக்காக இரண்டாக வெட்டி, இடையில் நான்கு அங்குலம் கூட்டிப் பார்த்தாராம். உங்கள் காரின் போனட் நடுவே மேலெழுந்து ஒரு பட்டி போவதைப் பாருங்கள். அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம்தான் அது. கம்பனியின் அதிபராயிருந்த நஃபீல்ட் பிரபுவுக்கே இந்தக் கார் பிடிக்கவில்லை. வெந்நீரில் உடைத்து ஊற்றி அவித்த முட்டைபோல் இருக்கிறது என்று கேலி செய்தார். ஆனால் 1960ஆம் ஆண்டு முடிவில் அந்த முட்டை பத்து இலட்சத்தைத் தொட்டது. பிரித்தானியாவில் செய்யப்பட்ட கார் ஒன்று அந்தத் தொகையை எட்டியது அதுவே முதல் தடவை. ஆகவே மைனரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இன்று புதிதாக வந்தவர்கள் அல்லர்.

நம் நாட்டில் 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் புதிய கார்கள் வருவது மிகவும் குறைந்திருந்தது. இருந்த காரைத் திருத்தித் திருத்தி ஓடினார்கள். 1977க்குப் பிறகு ஜப்பான் கார்கள் வந்து நிறைந்தன. அப்போதும் ஆசிரியர்கள், வைத்தியர்கள், அரசாங்க உத்தியோகத்தர்கள் வீடுகளில் மைனர் நின்றுகொண்டுதான் இருந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி வரையில் தனியார் கார்கள் வராதிருந்த காலத்தில், பழைய காரின் அருமை மறுபடியும் பலருக்கு விளங்கியது.

இனி விடயத்துக்கு வருவோம். மைனர் உண்மையில் எவ்வளவு மெதுவான கார்? 1956இல் வந்த 'மைனர் 1000' காரின் என்ஜின் 948 சீ.சீ. 1962இல் அது 1098 சீ.சீ.யாகக் கூட்டப்பட்டது, அப்போதும் அதன் வலு 48 குதிரைவலுதான். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட இருபத்தைந்து முதல் முப்பது செக்கன்கள் எடுக்கும். இன்றைய சாதாரணச் சின்னக் கார் ஏறத்தாழ அதில் பாதி நேரத்தில் எட்டிவிடும்.

ஆனால் நம் வீதிச் சட்டம் காருக்கு நகரப் பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70 கிலோமீற்றர் என்றுதான் வேகத்தை வைத்திருக்கிறது. நல்ல நிலையிலுள்ள மைனர் சமதரையில் 55, 60 கிலோமீற்றரில் சிரமமில்லாமல் போகும். ஆகவே வீதி முழுக்க நீங்கள் மற்றவர்களுக்குத் தடையாக இருப்பதில்லை. தடையாகத் தெரிவது இரண்டு இடங்களில்தான்: நின்று மறுபடி புறப்படும்போது ஒன்று, ஏற்றத்தில் மற்றொன்று. இந்த இரண்டுக்கும் முன்கூட்டியே வழி செய்துகொண்டால் ஹோன் சத்தத்தில் பாதி நின்றுவிடும்.

ஒன்றரை நிமிடக் கணக்கு

பின்னால் வருபவர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்? தனியார் பஸ் என்றால் அவசரத்துக்குக் காரணம் உண்டு. 1979இலிருந்து தனியார் பஸ்கள் ஓடுகின்றன. அன்றைய வசூலை நம்பித்தான் பெரும்பாலான சாரதி, நடத்துனர்களின் கூலி இருக்கிறது. பின்னால் வரும் பஸ் முந்திவிட்டால் அடுத்த ஹோல்ட்டில் நிற்கும் சனத்தை அது ஏற்றிக்கொண்டு போய்விடும். இது அவர்கள் செய்வதைச் சரியாக்கிவிடாது. ஆனால் அந்த ஹோன் உங்கள் முகத்தைப் பார்த்து அடிக்கப்படுவதில்லை என்பதை விளங்கிக்கொள்ள உதவும். வேனில் வருபவர் நோயாளியைக் கொண்டுபோகலாம். காரில் வருபவருக்கு ஒரு காரணமும் இல்லாமலும் இருக்கலாம். யார் எவர் என்று கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். பின்னால் வருபவர் மணிக்கு 50 கிலோமீற்றரில் போக விரும்புகிறார். நீங்கள் 40இல் போகிறீர்கள். ஐந்து கிலோமீற்றர் தூரம் அவருக்கு முந்த இடமே கிடைக்கவில்லை. 50இல் போனால் ஆறு நிமிடம். 40இல் போனால் ஏழரை நிமிடம். அவருக்கு நட்டம் ஒன்றரை நிமிடம். ஒன்றரை நிமிடத்துக்காக வளைவில் முந்துகிறாரே என்று அவர்மேல் கோபப்படலாம். அதே கணக்கை மறுபக்கமும் பாருங்கள். பின்னால் எட்டு வாகனங்கள் வரிசையாக வந்தால் எட்டுப் பேருக்கும் ஒன்றரை நிமிடம் போகிறது. நீங்கள் ஓரிடத்தில் ஒதுங்கி வழிவிட்டால் உங்களுக்குப் போவது அரை நிமிடந்தான்.

வேகமாகப் போகும்படி உங்களை வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை. அதேபோல ஒரு வரிசையையே பின்னால் இழுத்துக்கொண்டு போகும் உரிமையும் நமக்கில்லை. இந்த இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டால் வீதியில் என்ன செய்வது என்பது தானாகத் தெரியும்.

வீட்டைவிட்டுப் புறப்படுமுன்

முதலில் பிரேக். மைனரின் நான்கு சில்லுகளுக்கும் டிரம் பிரேக்தான்; இன்றைய காரில் இருப்பதுபோல் பெடலை இலேசாக்கித் தரும் சேர்வோ இல்லை. பலமாக மிதிக்க வேண்டும். அத்துடன் பிரேக் எண்ணெய் ஒரே வழியில் எல்லாச் சில்லுகளுக்கும் போகிறது; ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். எண்ணெய் ஊற்றும் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில் தரைக்குக் கீழே இருப்பதால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. கராஜுக்குப் போனால் விரிப்பைத் தூக்கி எண்ணெய் மட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றச் சொல்லுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஈரமேறிய எண்ணெய் சூட்டில் கைவிட்டுவிடும். சில வீடுகளில் மைனருக்கு ஜப்பான் என்ஜின் மாற்றிப் போட்டிருப்பார்கள். என்ஜினுக்கு ஏற்றபடி பிரேக்கையும் மாற்றினார்களா என்று கட்டாயம் கேளுங்கள். ஓட மட்டும் தெரிந்து நிற்கத் தெரியாத கார் ஆபத்து.

அடுத்தது விளக்கு. 1961க்கு முந்திய மைனர்களில் திரும்புவதற்குச் சிக்னல் லைட் கிடையாது. பக்கத்திலிருந்து சின்னக் கை ஒன்று எழும்பும். பார்க்க அழகுதான். ஆனால் இன்று மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞருக்கு அது என்னவென்றே தெரியாது. மினுங்கும் சிக்னல் லைட் பூட்டிக்கொள்ளுங்கள். பின்பக்கத்துப் பிரேக் லைட்டும் அந்தக் காலத்தது; சிறியது, மங்கல். பின் கண்ணாடிக்குள் உயரமாக ஒரு எல்.ஈ.டி. பிரேக் லைட் பூட்டினால் இரண்டு வாகனத்துக்குப் பின்னால் வருபவருக்கும் தெரியும். பூட்டுகிறவரிடம் ஒன்று சொல்லுங்கள்: மைனரில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் பெரும்பாலும் பொடியோடு பிணைக்கப்பட்டிருக்கும். அதைப் பாராமல் பூட்டினால் எல்.ஈ.டி. எரியாது.

பழைய டைனமோ உள்ள காரில் மெதுவாகப் போகும்போது விளக்கின் வெளிச்சமும் குறையும். மாலை மழையில் வைப்பரும் விளக்கும் ஒன்றாக வேலை செய்தால் இன்னும் மோசம். அல்டர்னேட்டர் மாற்றிக்கொள்வது நல்லது. முடியாதவர்கள் இருட்டுமுன் வீடு வந்து சேரப் பாருங்கள்.

மூன்றாவது கண்ணாடி. நடுக் கண்ணாடி ஒன்றே போதும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு கதவுப் பக்கமும் கண்ணாடி வேண்டும். பின்னால் வருபவரைத் திடீரென்று ஹோன் சத்தத்தில் அறிவதால்தான் நெஞ்சு பதறுகிறது. அவரை அரைக் கிலோமீற்றருக்கு முன்பே கண்ணாடியில் கண்டிருந்தால் அந்தப் பதற்றமில்லை.

நான்காவது உங்கள் உடை. மைனரின் பெடல்கள் தரையிலிருந்து மேலெழும்புபவை, ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. நீளமான அபாயாவின் ஓரம் அதில் சிக்கும். அமர்ந்ததும் ஓரத்தை முழங்கால் பக்கம் இழுத்து ஒதுக்கிக்கொள்ளுங்கள். தளர்ந்த செருப்பு வேண்டாம். குதிகாலைப் பிடிக்கும் சப்பாத்து நல்லது. முந்தானை பக்கப் பார்வையை மறைத்தால் கழுத்தை நன்றாகத் திருப்பிப் பார்க்கப் பழகுங்கள். ஆரம்பத்தில் வந்த மைனர்களில் சீட் பெல்ட் இல்லை. உறுதியான இடத்தில் பிணைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள். இரு கதவுக் காரில் முன் சீட் முழுதாக முன்னால் சாயும். அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். சடுதியாகப் பிரேக் பிடித்தால் பின்னாலிருக்கும் பிள்ளையின் பாரமும் சீட்டோடு முன்னால் வரும்.

பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால்

பின்னால் ஒரு வாகனம் மிக நெருங்கி வரும்போது நம் கால் நம்மையறியாமல் அக்சிலேட்டரை அழுத்தும். அதுதான் முதல் ஆபத்து. வேகத்தைக் கூட்டினால் அவரும் கூட்டுவார்; இடைவெளி அப்படியேதான் இருக்கும். கோபத்தில் பிரேக்கைத் தட்டிக் காட்டுவது அதைவிட ஆபத்து.

செய்ய வேண்டியது, உங்களுக்கு முன்னால் உள்ள இடைவெளியைக் கூட்டுவது. 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனில் 14 மீற்றர் போய்விடுவீர்கள். புதிய காருக்கு இரண்டு செக்கன் இடைவெளி என்றால் மைனருக்கு மூன்று செக்கனாவது வேண்டும்; அது ஏறத்தாழ 42 மீற்றர். மழையில் நான்கு செக்கன். முன்னால் போகும் வாகனம் ஒரு லைட் போஸ்டைக் கடந்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று எண்ணி முடியுமுன் நீங்கள் அந்தப் போஸ்டைக் கடந்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். முன்னால் இடமிருந்தால் நீங்கள் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைக்கலாம். மெல்லக் குறைத்தால் பின்னால் ஒட்டி வருபவருக்கும் நிற்க நேரம் கிடைக்கும். அவர் விடாத இடைவெளியையும் சேர்த்து நீங்கள் முன்னால் விடுகிறீர்கள். அந்த இடத்துக்குள் யாராவது புகுந்துவிட்டால் விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடியும் பின்வாங்குங்கள்.

கியரைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும்போது பிரேக் லைட் எரியாது. பின்னால் வருபவருக்கு நீங்கள் மெதுவாவது தெரியாமல் போகும். அதனால் பிரேக் பெடலையும் லைட் எரியுமளவுக்கு இலேசாக மிதியுங்கள். மஞ்சள் கடவையில் பிள்ளைகள் நின்றால் தூரத்திலேயே இப்படிக் காட்டிவிட்டு நில்லுங்கள். பின்னால் என்ன ஹோன் அடித்தாலும் கடந்து முடியும்வரை அசைய வேண்டாம். நீங்கள் நின்றாலும் மோட்டார் சைக்கிள் ஒன்று வலப்பக்கத்தால் புகுந்து வரலாம். அதனால் பிள்ளைகளைக் கையசைத்து வரச் சொல்லாதீர்கள்.

வழிவிடுவதற்கும் ஒரு முறை உண்டு

பின்னால் மூன்று வாகனங்களுக்கு மேல் சேர்ந்து, முந்துவதற்கு வீதியும் இடம் தரவில்லையென்றால் ஒதுங்கிவிடுங்கள். அதற்கு இடம் தெரிய வேண்டும். பெற்றோல் ஷெட், பள்ளிவாசல் முன்றல், அகலமான கடைவாசல் போன்றவை நல்லவை. பஸ் ஹோல்ட்டில் ஒதுங்கினால் பின்னால் வரும் பஸ்ஸும் அங்கேயே நுழையும், வேண்டாம். வளைவுக்குச் சற்று முன்னும் வேண்டாம். வழக்கமாகப் போகும் வீதியென்றால் இப்படியான நாலைந்து இடங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நூறு மீற்றருக்கு முன்பே இடது சிக்னலைப் போட்டு, மெல்லக் குறைத்து, சில்லு நான்கும் தாரை விட்டு இறங்கும்படி ஒதுங்குங்கள். பாதி உள்ளும் பாதி வெளியுமாக நிற்பது நிற்காததைவிட மோசம். மறுபடி ஏறும்போது அவசரப்படாதீர்கள். மைனர் வேகமெடுக்க நேரம் வேண்டும். மற்றவருக்குப் போதுமான இடைவெளி உங்களுக்குப் போதாது. அதனால்தான் பின்னால் தூரம்வரை தெரியும் இடமாக ஒதுங்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் முந்தினால் இடப்பக்கமாக நேராகப் போங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். ஆனால் தார் உடைந்த ஓரத்துக்கே போய்விடவும் வேண்டாம். நடந்து போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் அங்குதான் இருப்பார்கள். சிலர் இடது சிக்னலைப் போட்டு, 'முந்திப் போ' என்று பின்னால் வருபவருக்குச் சொல்வார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். எதிரே வருவதை அவர் கண்ணால் அவரே பார்க்கட்டும். எதிரே வருபவர் ஹெட்லைட்டை மினுக்கினால் 'நீங்கள் வாருங்கள்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் வீதிகளில் அதற்குப் பெரும்பாலும் 'நான் வருகிறேன், நில்' என்றுதான் அர்த்தம்.

வலப்பக்கம் திரும்பிப் பெரிய வீதியில் ஏறுவது மைனருக்குக் கடினமான வேலை. பின்னால் ஹோன் அடிக்கிறார்களே என்று இடைவெளி போதாமல் புகுந்துவிடக் கூடாது. அப்படியான சந்தியென்றால் இடப்பக்கம் திரும்பி, அடுத்த சுற்றுவட்டத்தில் சுற்றி வாருங்கள். இரண்டு நிமிடம் கூடும், நெஞ்சுப் படபடப்பு இல்லை.

ஏற்றமும் இறக்கமும்

கடிதம் எழுதிய சகோதரி சொன்ன கடுகண்ணாவைக்கு வருவோம். கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் ஏ1 வீதியில், பாறையைக் குடைந்த வழியும் 1832இல் கட்டிய டோசன் கோபுரமும் உள்ள அந்த ஏற்றம் எந்தப் பழைய காருக்கும் ஒரு பரீட்சைதான்.

அடிவாரத்தில் ஒருமுறை ஒதுங்குங்கள். பின்னால் சேர்ந்திருக்கும் வரிசை போகட்டும். பிறகு உங்கள் வேகத்தில் ஏறுங்கள். என்ஜின் திணறத் தொடங்கியபின் கியர் மாற்றாதீர்கள்; திணறுமுன் மாற்றுங்கள். மைனரில் முதலாம் கியருக்கு 'சிங்க்ரோமெஷ்' இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது முதலாம் கியருக்குப் போனால் பல் அரையும். ஏற்றத்தில் வரிசை ஊர்ந்தால் முன்வாகனத்தோடு ஒட்டிப்போய் நிற்காமல், நன்றாக இடம் விட்டு ஹேண்ட் பிரேக்கில் நில்லுங்கள். இடம் கிடைத்தபின் ஒரே மூச்சில் கொஞ்சத் தூரம் போகலாம்.

பின்னால் பஸ் நெருங்கி நிற்கிறதா? வலக்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையைப் பின்பக்கம் காட்டி 'சற்றுப் பொறுங்கள்' என்று காட்டுங்கள். சாரதிக்கு அது நன்றாக விளங்கும். பிறகு கையை உள்ளே எடுத்து, ஹேண்ட் பிரேக் பிடித்தபடியே கிளச்சை மெல்ல விட்டு, கார் முன்னால் இழுக்கும்போது பிரேக்கை விடுங்கள். கார் நின்றுவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரேக்கைப் பிடித்தபடி மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். அந்த நேரத்தில் ஹோன் அடிப்பவரால் உங்கள் காரை மேலே தள்ள முடியாது.

பல மைனர்களில் சூட்டைக் காட்டும் முள் இல்லை. ஏற்றத்தில் வலு குறைந்தாலோ, நீராவி மணம் வந்தாலோ ஒதுங்கி போனட்டைத் திறந்து ஆறவிடுங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பாயும்.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஏற்றத்தில் பொறுமையில்லாதவர் ஹோன் அடிப்பார். இறக்கத்தில் அவருக்காக நாம் வேகமாக இறங்கத் தொடங்கிவிடுவோம். டிரம் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். பெடல் ஆழமாக இறங்குவதுபோல் தெரிந்தால் விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுங்கள். அது தனிக் கம்பியில் பின் சில்லுகளைப் பிடிப்பது. எண்ணெய் போனாலும் வேலை செய்யும். மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுக்கி நிறுத்துங்கள்.

ஏச்சும் மிரட்டலும்

முந்திப் போகிறவர் ஏசினால் அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். வழிவிட்டபின் கையுயர்த்திப் போகிற ஒருவருக்கு நீங்களும் கையுயர்த்துங்கள். ஏசுகிறவருக்கு ஒன்றும் வேண்டாம். பின் சீட்டிலிருக்கும் பிள்ளைகள் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாளை அவர்களும் சாரதிகள்தான்.

ஏச்சு வேறு, மிரட்டல் வேறு. ஒருவர் வேண்டுமென்றே குறுக்கே வெட்டினாலோ, விடாமல் பின்தொடர்ந்தாலோ நேரே வீட்டுக்குப் போக வேண்டாம். கதவுகளைப் பூட்டிக்கொண்டு, சனம் நிற்கும் பெற்றோல் ஷெட்டுக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ போங்கள். நிறுத்திக்கொண்டு 119க்கு அறிவியுங்கள். மாகாணங்களுக்கிடையே ஓடும் பஸ் என்றால் இலக்கம், வீதி, நேரம் மூன்றையும் குறித்து, தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இலக்கத்துக்கு முறையிடலாம்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை

நானாமாரே, வாப்பாமாரே, கணவன்மாரே! 'வித்துப்போடு' என்பது ஒரு வார்த்தை. ஆனால் கிளினிக் நாளில் அதிகாலையில் ஓட்டோ கிடைக்காவிட்டால் உம்மாவோடு வீதியில் நிற்கப் போவது அந்தப் பெண்தான். காரை விற்கச் சொல்லுமுன் ஒருமுறை பிரேக்கையும் விளக்கையும் பார்த்துக் கொடுங்கள். ஒரு போயா நாள் காலையில், வீதி வெறிச்சோடி இருக்கும்போது, பக்கத்து சீட்டில் இருந்து அவரோடு அந்த ஏற்றத்தை ஏறிப் பாருங்கள். ஏசாமல் இருந்தால் போதும், கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

சகோதரிகளே, ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிரேக்கைத் திருத்த வசதி இல்லையென்றால் அந்தக் காரைக் கடுகண்ணாவை வீதிக்குக் கொண்டுபோகாதீர்கள். அதிவேக வீதியும் மைனருக்கு வேண்டாம். 100இல் பறக்கும் வாகனங்களுக்கு நடுவே 70இல் போவது யாருக்கும் நல்லதல்ல. பழைய வீதியே அதற்குப் பொருத்தம். கிளினிக் நாளில் அரை மணித்தியாலம் முந்திப் புறப்படுங்கள். நேரம் கையில் இருந்தால் ஒதுங்கி வழிவிட மனமும் வரும். நேரம் இல்லாவிட்டால் நாமும் முன்னால் போகிறவருக்கு ஹோன் அடிக்கத் தொடங்கிவிடுவோம்.

உங்கள் வீட்டிலும் பழைய கார் ஒன்று இருந்தால், அதை ஓடும்போது நீங்கள் கையாளும் வழிகளை எழுதி அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் பாடசாலை வேனில் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார் கவனிக்க வேண்டியவை பற்றிப் பார்ப்போம்.

வஸ்ஸலாம்.